வாட் எண்ணும் தங்க முத்திரையும்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொட்டேஷன் வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் மாடல் எண் முழுசாக இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) என்ற வரியில் மட்டும் பல நேரம் ‘450 வாட்’ என்பதோடு நின்றிருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இருக்காது. பட்ஜெட் இடித்தால் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். உள்ளே இருக்கும் அத்தனை பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் இதைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளுக்கு விலை அதிகம்.

“450 என்று போட்டிருந்தால் 450 வாட் கிடைக்கும்”

சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் கேம் ஆடும்போது கைகொடுப்பது அந்த 192தான். நல்ல 450 வாட் சப்ளையில் அதே கட்டத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாகக் குறித்திருப்பதுதான் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் எடுக்கும். அதற்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் சப்ளை.

பெரிய வாட் வாங்கினால் கரன்ட் பில் ஏறும் என்ற பயமும் வேண்டாம். கம்ப்யூட்டர் 300 வாட் கேட்டால் 550 வாட் சப்ளையும் 850 வாட் சப்ளையும் அந்த 300ஐத்தான் கொடுக்கும்.

“கோல்டு முத்திரை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்”

படித்துவிட்டு வாங்குபவர்களும் ஏமாறுவது இங்கேதான். ‘80 பிளஸ்’ முத்திரை முக்கியமாகச் சொல்வது ஒன்றை: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் பிரான்ஸ் (வெண்கலம்) என்றால் 85 சதவீதம், கோல்டு என்றால் 90 சதவீதம் தேற வேண்டும். அதையும் 23 டிகிரி வெப்பத்தில் அளக்கிறார்கள். மே மாதத்து மதுரை வீட்டில், கேபினெட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்குமா, அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்துமா, 12 வோல்ட் ஆடாமல் வருமா என்பவை அந்தத் தேர்வில் இல்லை.

2021இல் நடந்தது இதற்குச் சரியான சான்று. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் இரண்டும் கோல்டு முத்திரை பெற்றவை. அதிகச் சுமை ஏற்றிச் சோதித்தபோது அவற்றில் சில வெடித்தன. கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் அதை வீடியோவாகவே வெளியிட்டது. முன்பு 120 முதல் 150 சதவீதச் சுமையில் செயல்பட்ட பாதுகாப்பை 110 முதல் 120க்குக் குறைத்ததாக ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்து, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றித் தரவும் முன்வந்தது. 750 வாட் சப்ளையில் 150 சதவீதம் என்றால் 1,125 வாட். அதுவரை தடுக்க ஆளில்லை.

ஆகவே முத்திரையோடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். ஓசிபி (மிகை கரன்ட்), ஓபிபி (மிகை வாட்), ஓடிபி (மிகை வெப்பம்), எஸ்சிபி (ஷார்ட்) ஆகிய பாதுகாப்புகள் இருக்கின்றனவா? முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தரும் என்று போட்டிருக்கிறதா? வாரன்டி எத்தனை வருடம்? ஏழு, பத்து வருடம் தருபவர் தன் பொருளை நம்புகிறார் என்று பொருள். சப்ளைகளைச் சோதிக்கும் சைபெனெடிக்ஸ் நிறுவனத்தின் தளத்தில் மாடல்வாரியாகச் சோதனை அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே கம்பெனியிலேயே தேறும் மாடலும் உண்டு, தேறாததும் உண்டு. அதனால் பிராண்ட் பெயரோடு நிற்காமல் மாடல் எண்ணைத் தேடுங்கள்.

“கேம் நடுவே பட்டென்று அணைந்தால் கார்டு போய்விட்டது”

அவசரப்பட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தன் வழக்கமான அளவைப் போல் இரண்டு மடங்குகூட இழுக்கும். தாங்காத சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இதற்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ நொடிக்கு 200 சதவீதச் சுமையைச் சப்ளை தாங்க வேண்டும் என்கிறது. கார்டைக் குறை சொல்வதற்கு முன் வேறு சப்ளையில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

“பழைய கேபிளையே புதிய சப்ளையில் செருகலாம்”

தயவுசெய்து செய்யாதீர்கள். கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களில் மதர்போர்டு, டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லாருக்கும் பொது. சப்ளை பக்கத்து முனையில் எந்தத் துளைக்கு எந்த வோல்ட் என்பதைக் கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி வைக்கின்றன. கேபிள் இடறாமல் உள்ளே போகும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே கருகும். அதிலிருந்த குடும்பப் படங்களும் சேர்ந்து போகும். புதிய சப்ளையோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள்.

“கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, சப்ளை பழுது”

நம் வீடுகளில் பெரும்பாலும் காரணம் எர்த் இல்லாத பிளக்தான். மின் இரைச்சலை வடிகட்டச் சப்ளைக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கூடு 115 வோல்ட் அளவில் நிற்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். கரன்ட் மிகச் சிறியது என்பதால் விரலில் ஊசி குத்துவதுபோல் மட்டும் இருக்கும். அதற்காக விட்டுவைக்கக் கூடாது. எர்த் இல்லாத இடத்தில் உண்மையான பழுது வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் சுர்ரென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சப்ளையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.