தொட்டியின் மூச்சு: வடிகட்டியும் காற்றூட்டலும் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

வண்ணமீன் கடைகளில் ‘ஆக்சிஜன் மோட்டார்’ என்று கேட்டு வாங்கப்படும் சிறு கருவி ஆக்சிஜனை உண்டாக்குவதும் இல்லை, சேமித்து வைத்திருப்பதும் இல்லை. அறையில் உள்ள காற்றை, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஆக்சிஜன் கொண்ட கலவையை, மென்குழாய் வழியே நீருக்குள் செலுத்துவது ஒன்றே அதன் வேலை. அந்தப் பெயரிலிருந்தே முதல் தவறான நம்பிக்கை பிறந்துவிடுகிறது: குமிழி எவ்வளவு மிகுதியோ, ஆக்சிஜனும் அவ்வளவு மிகுதி என்பது அது. ஓரடி ஆழமுள்ள தொட்டியின் அடியில் பிறக்கும் குமிழி ஓரிரு நொடிகளில் மேலே வந்து உடைந்துவிடுவதால் அதிலிருந்து நேரடியாக நீரில் கரைவது சிறிதளவே. மேலெழும் குமிழிகள் அடிநீரைத் தம்முடன் இழுத்து வந்து, மேற்பரப்பைக் கலைத்து, அந்த நீர் வெளிக்காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்கவும் கரியமில வாயுவை விடவும் வழிசெய்வதுதான் அவற்றின் பெரும்பயன். ஆகவே குமிழியே விடாத வடிகட்டி கூட, அதன் நீர் மேற்பரப்பில் சலசலத்து விழுமானால், காற்றூட்டியாகவே இயங்குகிறது. கழுத்துவரை நீர் நிரப்பப்பட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதற்கும், அதே அளவு நீர் அகன்ற தொட்டியில் இருக்கும்போது அவ்வாறு செய்யாததற்கும் காரணம் மேற்பரப்பின் பரப்பளவுதான்.

புணே நகரில் இந்த ஆக்சிஜன் கணக்கு சற்றே இறுக்கமானது. கடல்மட்டத்தில் 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறைந்துவிடும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஆறு விழுக்காடு அளவுக்குக் குறைந்து, கோடையில் ஒரு தொட்டி தாங்கக்கூடிய உச்ச அளவே 7.1 மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது. பொன்மீன் போன்ற குளிர்நீர் மீன்களைச் சிறு தொட்டியில் வளர்ப்போர் ஏப்ரல், மே மாதங்களில் இழப்புகளைச் சந்திப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது நம்பிக்கை, வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்பதாகும். இதுவே மற்ற எல்லாப் பிழைகளுக்கும் வேர் என்பதால் சற்று விரிவாக நோக்கத் தக்கது. மீன் தன் கழிவு நைட்ரஜனின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. அமோனியா நிறமற்றது, நீரில் கரைந்தே இருப்பது, எந்தப் பஞ்சிலும் சிக்காதது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன பஞ்சிலும் கூழாங்கல்லிலும் படலமாக ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். இரண்டாம் கட்டத்தைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியை ஆற்றுவது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வினத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிர்கள் இரு கட்டங்களையும் தாமே முடிக்க வல்லவை என்பது 2015-இல் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலேயே கண்டறியப்பட்டது என்பது மீன் வளர்ப்போருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இந்த உயிர்களும் மூச்சு விடுகின்றன. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. எனவே வடிகட்டியைத் தனியாகவும் காற்றூட்டலைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணமே பிழை.

இதை உணர்ந்தால், பஞ்சை மாதந்தோறும் குழாயடியில் வெள்ளையாகும்வரை கழுவுவது தூய்மை அன்று, அழிவு என்பது விளங்கும். புணே மாநகராட்சி கடக்வாஸ்லா அணைத் தொகுதியிலிருந்து நீரை எடுத்து, பர்வதி முதலிய நிலையங்களில் சுத்திகரித்துக் குளோரின் சேர்த்து வழங்குகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். மனிதரைக் காக்கும் அதே குளோரின் பஞ்சிலுள்ள படலத்தைக் கொன்று மீனின் செவுளையும் அரிக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சைப் பிழிந்து அலசுவதும், புதுநீரில் ‘ஆன்டி குளோரின்’ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டைச் சேர்ப்பதும் போதுமானவை. பராமரிப்புக்காகக் குடிநீர் நிறுத்தப்படும் நாளுக்கு (அது பெரும்பாலும் வியாழக்கிழமையாகவே அமையும்) மறுநாள் வரும் நீர் கலங்கியிருக்கக்கூடும். நீர் மாற்றுவதை ஓரிரு நாள் தள்ளிப்போடுவதே நல்லது.

தெளிந்த நீர் தூய நீர் என்ற நம்பிக்கை நகரின் விளிம்புகளில் கூடுதலாக ஏமாற்றுகிறது. வாகோலி, உண்ட்ரி போன்ற பகுதிகளின் அடுக்ககங்களுக்கு லாரியில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீர், தக்காணத்தின் எரிமலைப் பாறை வழியே ஊறி வருவதால் பெரும்பாலும் கடினமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருக்கிறது. அமோனியா நீரில் நச்சு மிகுந்த வடிவிலும் தீங்கு குறைந்த வடிவிலும் கலந்திருப்பது. காரகாடித்தன்மை (pH) 7 ஆக இருக்கையில் 25 பாகையில் நச்சு வடிவம் அரை விழுக்காட்டை ஒட்டியும், 8 ஆக இருக்கையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு தொட்டிகளில் ஒன்றின் நஞ்சு மற்றதைப் போலப் பத்து மடங்காக இருக்கலாம். இதற்கு அஞ்சி முழுக்க ஆர்.ஓ. நீரை ஊற்றுவதும் தீர்வாகாது. நுண்ணுயிர்களின் பணி நீரிலுள்ள கார உப்புகளைச் செலவழிப்பதால், அவை இல்லாத நீர் விரைவில் அமிலமாகி அப்பணியே நின்றுபோகும்.

பீட்டா எனப்படும் சண்டைமீனுக்கு வடிகட்டி வேண்டாம் என்பது பாதி உண்மை. அதன் தலைக்குள் காற்றை நேரடியாக மூச்சுக்குப் பயன்படுத்தும் சிக்கலறை உறுப்பு இருப்பதால் ஆக்சிஜன் குறைவை அது தாங்கும், அமோனியாவைத் தாங்காது. இதற்கு நேர்மாறாக, சைக்ஸ் என்பவர் 1839-இல் புணே அருகே முளா–முட்டா ஆற்றிலிருந்து விவரித்த தக்காண மஹ்சீர் போன்ற ஓட்டநீர் மீன்கள் ஆக்சிஜன் செறிந்த நீருக்கே பழகியவை. எந்த மீன் என்று கேளாமல் எந்த மோட்டார் என்று கேட்பது முறையன்று.

இரவில் மோட்டாரை நிறுத்தி மின்சாரம் மிச்சப்படுத்தும் வழக்கம் வருந்தத்தக்கது. ஒளியற்ற நேரத்தில் செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்வதால் விடியற்காலையே தொட்டியின் மிக நெருக்கடியான வேளை. ஐந்து வாட் காற்று பம்ப் மாதம் முழுதும் இடைவிடாது ஓடினாலும் நான்கு யூனிட்டைத் தாண்டாது.

இரண்டடி நீளமும் ஓரடி அகல உயரமும் கொண்ட, ஏறத்தாழ 55 லிட்டர் தொட்டிக்குக் காற்று பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே பெரும்பாலும் போதும்; ஒரே கருவி நீரைக் கலக்கி, நுண்ணுயிருக்கு இடமும் மூச்சும் தருகிறது. அது முழுமையாகப் பழக நான்கு முதல் ஆறு வாரமாகும் என்பதால் மீன்களைச் சிறுகச் சிறுகவே சேர்க்க வேண்டும். வேகமான மின்விசை வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால், மணிக்குத் தொட்டிநீரை நான்கைந்து முறை சுழற்றும் திறன் போதும். அதற்கு மேற்பட்ட ஓட்டம் சண்டைமீனையும் குஞ்சுகளையும் களைப்படையச் செய்யும். மூடிய கலம் போன்ற கேனிஸ்டர் வடிகட்டி மின்தடையில் சில மணி நேரம் நின்றால் உள்ளிருக்கும் படலம் மூச்சடைத்து அழுகக்கூடும்; மின்சாரம் திரும்பியதும் அதை அலசாமல் ஓடவிடக் கூடாது. காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். வைக்க இயலாத இடத்தில் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தாவிட்டால், மின்சாரம் நின்ற கணத்தில் நீர் பின்னோக்கி ஏறிப் பம்புக்குள்ளும் தரையிலும் வழியும்.