கடல் கடந்து படிக்கப் போகிறவர்களுக்கு

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருவண்ணாமலையில் என் வீடு தேடி வரும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்பது ஒன்றுதான்: “ஐயா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக நம்மைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?” உண்டு. அதற்காக அப்பா நிலத்தை விற்க வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பாதிச் சிக்கல் இனிஷியலில்தான் வருகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘செல்வி மு’, ஆதாரில் ‘மு. செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி முருகன்’ என்று இருந்தால், அயல்நாட்டு அலுவலருக்கு அவர்கள் மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். சான்றிதழில் வேறுபாடு இருந்தால், அந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள்.

2. எல்லாப் பருவத் தேர்வு மதிப்பெண்களையும் ஒன்றாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். நம் மாவட்டக் கல்லூரிகள் பலவும் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பதால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

3. எந்த வாசல் யாருக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பருவம், அங்கே ஒரு பருவம் என்ற மாணவர் பரிமாற்றத்துக்கு இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது எளிதில் அமைவதில்லை. ஆகவே நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய உதவித்தொகைகளைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகளில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். இளங்கலை இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனிக்கு, 1925-இல் தொடங்கப்பட்ட டாட் (DAAD) அமைப்பு இருக்கிறது. ஜப்பானுக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் (MEXT) உதவித்தொகை. பிரிட்டனின் செவனிங் வேலை அனுபவம் கேட்கும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம் இந்தியாவுக்கு 1950-இல் வந்தது, கவிஞர் ஏ.கே. ராமானுஜன் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனது அதன் வழியாகத்தான். ஃபுல்பிரைட்–நேரு முதுகலைக்கு மூன்றாண்டு பட்டம் மட்டும் போதாது, பணி அனுபவமும் வேண்டும். இங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் அங்கே சில மாதங்கள் ஆய்வு செய்ய அதே ஃபுல்பிரைட் திட்டத்தில் தனி வழி இருக்கிறது.

ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையிலிருந்து படிக்க வருபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதைக் கேள்விப்படாமலே பட்டம் வாங்கிப் போகும் பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறலாம். அந்த ஆண்டின் அறிவிப்பை வரிவிடாமல் படியுங்கள்.

4. நம் ஊரை எழுதுங்கள். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் ‘சிறுவயது முதலே எனக்கு ஆர்வம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆயிரம் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். புவியியலோ நிலவியலோ படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கேள்வி எது? சரிவில் வீடு எங்கே கட்டலாம், எந்த மழை அளவில் மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று படிக்கப் போகிறேன் என்று எழுதுங்கள். தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சேரும் குப்பை, குடிநீர், கூட்ட நெரிசல், ஆரணிப் பட்டு நெசவு என்று பொருள் கொட்டிக் கிடக்கிறது.

பிரெஞ்சு அறிஞர்கள் புதுச்சேரியில் தங்கி நம் அண்ணாமலையார் கோயிலைப் பல தொகுதிகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கோயில் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. வரலாறும் தமிழும் படிப்பவர்கள் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவற்றைப் புரட்டிவிட்டு வாருங்கள். ஹைடல்பெர்க், ஹம்பர்க், சிகாகோ பல்கலைக்கழகங்களில் தமிழ் சொல்லித் தருகிறார்கள். அங்கே நீங்கள் வெறுங்கையோடு போகிறவர்கள் அல்லர்.

5. பரிந்துரைக் கடிதத்தை உங்களை உண்மையிலேயே அறிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். பதவி பெரிதாக இருக்கிறது என்பதற்காக, உங்கள் முகமே தெரியாத ஒருவரிடம் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஆசிரியர்களே, மாணவனையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள். அவன் ஆய்வகத்தில் என்ன செய்தான், எந்தக் கேள்வி கேட்டான் என்று இரண்டு பத்தி நீங்களே எழுதுங்கள்.

6. ‘சீட் உறுதி, ஸ்காலர்ஷிப் உறுதி’ என்று பணம் கேட்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். மேலே சொன்ன உதவித்தொகை எதையும் பணம் கொடுத்து வாங்க முடியாது. கட்டணம் கட்டினால் போதும், கட்டுரையைப் படிக்காமலே ஏற்றுக்கொள்ளும் ‘சர்வதேச மாநாடு’களும் அப்படித்தான்.

7. கல்லூரி ஆசிரியர்களுக்கு டாட் அமைப்பு ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆய்வுப் பயணம் தருகிறது. ஃபுல்பிரைட்டிலும் கற்பிக்க, ஆராயத் தனிப் பிரிவு உண்டு. தேர்வான பிறகு தடையில்லாச் சான்றுக்கு அலையாமல், விண்ணப்பிக்கும்போதே துறைக்கு எழுதிவிடுங்கள்.

8. வெளிநாட்டவர் வந்து போகும் நம் ஊர்ச் செங்கம் சாலைத் தேநீர்க் கடைகளில் பல நாட்டு ஆங்கிலமும் காதில் விழும். அவர்களிடம் கூச்சம் விட்டுப் பேசுங்கள். நூலகம், ஆய்வு, அவர்கள் ஊர்க் குளிர் பற்றிக் கேளுங்கள். உதவி மட்டும் கேட்காதீர்கள்.

9. எராஸ்மஸ் முண்டுஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் முடிந்துவிடும். கார்த்திகைத் தீபத்துக்குக் கொடி ஏறும்போது உங்கள் விண்ணப்பம் தயாராக இருக்கட்டும்.