புனையா ஓவியம்

நுழையும்முன்

வண்ணம் தீட்டக் கற்பது ஓவியக் கலையின் ஒரு பாதி. தீட்டிய வண்ணத்தை நீக்குவதும், தீட்டாமல் விடவேண்டிய இடத்தை அறிவதும் மறு பாதி. காளிகாட்டின் பழைய படங்களையும் இன்றைய கணினி ஓவியத்தையும் அருகருகே வைத்து இவ்வுண்மையை இப்பாடத்தில் அறிவோம்.

பூனைக்கு வந்த இடர்

அன்பு மாணவர்களே! கொல்கத்தாவில் வாழும் நீங்கள் காளிகாட் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெற்றியில் சமயச் சின்னம் இருக்கும். வாயில் இறால் இருக்கும். துறவி வேடம் பூண்டு பேராசையை மறைப்பவரை எள்ளி நகையாடும் படம் அது. தமிழில் நாம் ‘உருத்திராட்சப் பூனை’ என்று சொல்லுகிறோம் அல்லவா? அப்பூனையின் வங்க உறவினன் என்று இதனைக் கொள்ளலாம்.

பள்ளிக் கண்காட்சிக்காக எம் மாணவி ஒருத்தி இப்பூனையைக் கணினியில் வரைந்தாள். உடலின் வெளிக்கோட்டை வரைந்து முடித்ததும் மென்பொருள் அதன் உட்புறம் முழுவதையும் கருமையாக்கியது. மீசைக்கு வளைகோடுகள் இழுத்தாள். அவற்றின் வளைவுக்குள்ளும் கருந்திட்டுகள் தோன்றின. வேண்டாத கருமையைப் போக்க அவள் எளிய வழி ஒன்றைக் கண்டாள். எல்லா இடங்களிலும் வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெண்ணிறத் திரையில் பூனை அழகாகவே தோன்றியது.

கண்காட்சிக்கு முந்தைய நாள், பதாகையின் பின்னணி மஞ்சள் என்று முடிவாயிற்று. பூனையை மஞ்சளின் மீது வைத்தாள். உடல் வெள்ளையாக நின்றது; மீசைக்கோடுகளின் ஓரங்களில் வெள்ளைத் திட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஐயா, நான் வண்ணத்தை எடுத்துவிட்டேனே! இது எங்கிருந்து வந்தது?” என்று கலங்கினாள்.

“நீ எடுக்கவில்லை அம்மா, வெள்ளை பூசியிருக்கிறாய்” என்றேன்.

இப்பாடத்தின் கருத்து முழுவதும் அவ்விடையில் அடங்கியுள்ளது. வெண்மை வேறு, இன்மை வேறு. வெள்ளையும் ஒரு வண்ணமே. அது தனக்குப் பின்னுள்ளதை மறைக்கும். வண்ணம் இல்லாத இடமோ பின்னுள்ளதைக் காட்டும்.

பட்டுவாக்கள் விட்ட இடம்

இவ்வேறுபாட்டை அந்தப் பூனையை முதலில் வரைந்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வங்கத்தின் சிற்றூர்களில் நீண்ட சுருள்களில் கதைகளை வரைந்து, ஊர் ஊராகச் சென்று பாடிக் காட்டிய ஓவியர்களைப் பட்டுவாக்கள் என்பர். இன்றுள்ள காளி கோயிலின் கட்டடம் 1809ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஆதிகங்கைக் கரையில் அமைந்த அக்கோயிலுக்கு மக்கள் திரண்டு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுவாக் குடும்பங்கள் பல பிழைப்பு நாடிக் காளிகாட்டில் குடியேறின. வழிபட வந்தவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் செல்லும் படங்களை அவர்கள் வரைந்து விற்றனர்.

ஊரில் சுருள் வரைந்த கைகள் நகரத்தில் புதிய முறையைக் கண்டன. நீண்ட சுருளுக்கு மாற்றாக ஆலையில் செய்த மலிவான தாள் வந்தது. கதை முழுவதையும் வரைய நேரமில்லை. ஆகவே ஒரு தாளுக்கு ஓர் உருவம் அல்லது இரண்டு உருவங்கள் என்று சுருக்கினர். குடும்பத்தார் வேலையைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் உருவத்தின் கோட்டை வரைவார். மற்றொருவர் உடலுக்கும் உடைக்கும் வண்ணம் தீட்டுவார். இன்னொருவர் விளக்குக் கரியால் இறுதிக் கோட்டை இழுத்து முடிப்பார். கோடு ஒரு வேலை. நிறம் மற்றொரு வேலை.

உருவத்தைச் சுற்றியுள்ள பின்னணியை அவர்கள் பெரும்பாலும் தீட்டாமல் விட்டனர். அங்கே வெள்ளையும் பூசவில்லை, தாளே தெரிந்தது. அதனால் வேலை விரைந்தது. பார்ப்பவர் கண்ணும் நேரே உருவத்தின்மீது பதிந்தது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பின்னணியை விட்டனர், சுருள் ஓவியத்தில் தம் முன்னோரிடம் கற்ற கோட்டை மட்டும் விடவில்லை.

பின்னர் அச்சு இயந்திரத்தில் மலிவான வண்ணப் படங்கள் பெருகின. அவற்றோடு போட்டியிட இயலாமல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை நலிவுற்றது. எனினும் அதன் கோடு அழியவில்லை. மேலைநாட்டு முறையில் பயின்ற ஓவியர் ஜாமினி ராய் (1887–1972) அம்முறையைக் கைவிட்டு, காளிகாட் படங்கள் முதலிய நாட்டுப்புற ஓவியங்களின் அழுத்தமான கோட்டைத் தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டார். இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் காளிகாட் படங்களைப் பெருந்தொகுப்பாகப் போற்றிக் காத்துவருகிறது.

கணினியில் கோடும் நிறமும்

பட்டுவாக் குடும்பம் பிரித்துச் செய்த இரு வேலைகளையும் வெக்டர் எனப்படும் திசையன் வரைகலை மென்பொருளும் பிரித்தே செய்கிறது. ஒளிப்படம் என்பது சிறு சிறு வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. திசையன் ஓவியமோ கோடு செல்லும் பாதையை எண்களாக நினைவில் வைத்திருக்கும். எனவே அதனை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது.

இவ்வோவியத்தில் ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு பண்புகள் உண்டு. பாதைக்குள் நிரம்பும் வண்ணம் உள்நிறம். பாதையின்மீது ஓடும் வண்ணம் விளிம்புக்கோடு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஒன்றை நீக்கினாலும் மற்றது நிற்கும்.

இணையத்தில் திசையன் ஓவியங்களுக்குரிய எஸ்விஜி என்னும் வடிவம் 2001ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்டது. அதன் விதி ஒன்று நமக்குப் பயன்படும். உருவத்தின் உள்நிறம் எதுவென்று கூறாமல் விட்டால், கணினி அதனைக் கருமை என்றே கொள்ளும். வண்ணம் வேண்டாம் என்றால் ‘இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கூறாமல் விடுதலும் இல்லை எனக் கூறுதலும் ஒன்றல்ல.

மீசையின் அருகே திட்டு வந்த காரணமும் இங்கே விளங்கும். முனைகள் இணையாத திறந்த கோட்டுக்கும் உள்நிறம் உண்டு. அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நேர்கோடு இருப்பதாகக் கருதிக்கொண்டு, அதற்குள் அடங்கும் பகுதியைக் கணினி நிரப்பிவிடும்.

விரைந்து நீக்கும் வழிகள்

இங்க்ஸ்கேப் என்பது கட்டணமின்றிக் கிடைக்கும் திசையன் வரைகலை மென்பொருள். அதில் பின்வரும் வழிகளைப் பின்பற்றுக.

1. தேர்வுக் கருவியால் உருவத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கவும். திரையின் அடியில் உள்ள வண்ண வரிசையின் இடக்கோடியில் பெருக்கல் குறியிட்ட கட்டம் இருக்கும். அதனைச் சொடுக்கினால் உள்நிறம் நீங்கும்.

2. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அதே கட்டத்தைச் சொடுக்கினால் விளிம்புக்கோடு நீங்கும்.

3. கண்ட்ரோல், ஷிப்ட், எஃப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் உள்நிறம், விளிம்புக்கோடு ஆகியவற்றுக்கான பலகை திறக்கும். அங்கும் பெருக்கல் குறி ‘இல்லை’ என்பதைக் குறிக்கும். அதே பலகையில் உள்ள வினாக்குறி ‘கூறப்படவில்லை’ என்பதைக் குறிக்கும். வினாக்குறியை அழுத்தினால் உள்நிறம் கருமையாகலாம். இரண்டையும் மயங்கிக் கொள்ளாதீர்கள்.

4. ஒரே நிறமுள்ள பல உருவங்களில் அந்நிறத்தை நீக்க வேண்டுமாயின் ஒவ்வொன்றாகத் தேட வேண்டா. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொகுத்தல் பட்டியலில் ‘ஒத்தவற்றைத் தேர்ந்தெடு’ என்னும் பொருளுள்ள கட்டளையின்கீழ் உள்நிறத்தைக் குறிக்கும் வரியைச் சொடுக்கவும். பிறகு முதல் வழியைப் பின்பற்றவும்.

5. தவறு நேர்ந்தால் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் முந்தைய நிலை திரும்பும்.

அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் எக்ஸ் விசை, உள்நிறம் விளிம்புக்கோடு ஆகிய இரண்டனுள் எதில் மாற்றம் செய்யப்போகிறோம் என்பதை மாற்றி மாற்றிக் காட்டும். அதன்பின் சாய்கோட்டு விசையை அழுத்தினால், முன்னிற்பது நீங்கும். கோரல் டிராவில் வண்ண வரிசையில் உள்ள பெருக்கல் குறிக் கட்டத்தைச் சுட்டியின் இடப் பொத்தானால் சொடுக்கினால் உள்நிறமும், வலப் பொத்தானால் சொடுக்கினால் விளிம்புக்கோடும் நீங்கும்.

எம் மாணவி பூனையின் மீசைக்கோடுகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கல் குறியைச் சொடுக்கினாள். திட்டுகள் மறைந்தன, கோடுகள் நின்றன. உடலின் வெள்ளையையும் நீக்கினாள். காளிகாட் தாளில் பின்னணி தெரிந்ததுபோல, பூனைக்குள் பதாகையின் மஞ்சள் தெரிந்தது. கண்ணின் வெண்மையை மட்டும் அவள் நீக்கவில்லை. “அது வேண்டும் ஐயா; வெள்ளை இருந்தால்தான் கண்” என்றாள். அப்போது அவள் பாடத்தை முழுமையாகக் கற்றுவிட்டாள்.

இரண்டையும் நீக்கினால்?

உள்நிறம், விளிம்புக்கோடு ஆகிய இரண்டையும் நீக்கினால் உருவம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அழிந்துவிடவில்லை. அதன் பாதை கோப்பினுள் அப்படியே இருக்கும். காட்சிப் பட்டியலில் ‘வெளிக்கோட்டுக் காட்சி’ என்னும் பொருளுள்ள முறைக்கு மாறினால், மறைந்திருந்த பாதைகள் எல்லாம் மெல்லிய கோடுகளாகத் தோன்றும். வேண்டாத உருவத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கல் விசையை அழுத்தினால்தான் அது கோப்பை விட்டு அகலும்.

இதனை அறியாவிட்டால் இழப்பு நேரலாம். ஒட்டுத்தாளை வெட்டி எழுத்து அமைக்கும் இயந்திரங்கள் சில, வண்ணத்தைப் பாராமல் பாதையையே பின்பற்றும். நாம் மறந்துவிட்ட மறைகோட்டின்மீதும் அதன் கத்தி சென்றுவிடக்கூடும். ஆகவே படத்தைக் கடைக்கு அனுப்பும்முன் வெளிக்கோட்டுக் காட்சியில் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

தமிழ் தந்த சொல்

உள்நிறம் இன்றிக் கோட்டால் மட்டும் அமைந்த படத்தைத் தமிழில் எவ்வாறு சொல்வது? புதுச்சொல் தேடி அலைய வேண்டா. வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் வரைந்த படத்தைப் பழந்தமிழர் ‘புனையா ஓவியம்’ என்றனர். நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் இச்சொல் காணப்படுகிறது. உங்கள் வீட்டு வாசலில் அன்னையோ பாட்டியோ இடும் சிக்குக் கோலமும் ஒருவகைப் புனையா ஓவியமே. புள்ளிகளைச் சுற்றி இழை ஓடும். இழைகளுக்கு நடுவே தரையே தெரியும்.

இழையை ஊரிலிருந்து கொண்டு வந்தோம். தரை காளிகாட்டின் தரை. இரண்டும் சேர்ந்தே கோலமாகிறது.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம்
இன்மை – இல்லாத நிலை
எள்ளி – இகழ்ந்து
நலிவுற்றது – தேய்ந்து மெலிந்தது
பதாகை – விளம்பரத் துணி, கொடி
புனைதல் – அழகு செய்தல், வண்ணம் தீட்டுதல்
மயங்குதல் – ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல்

இலக்கணம் அறிவோம்

‘பூசிய தாள்’ என்பதில் ‘பூசிய’ என்பது பெயரெச்சம். அது ‘தாள்’ என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. ‘பூசாத தாள்’ என்பது செயல் நிகழாமையை உணர்த்துகிறது. ஆதலின் எதிர்மறைப் பெயரெச்சம். ‘பூசாத’ என்பதன் இறுதியில் உள்ள ‘த’ கெட்டு, ‘பூசா’ என நின்றால் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது: பூசாத தாள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகும்: பூசாத் தாள். ‘புனையா ஓவியம்’ என்பதில் வருமொழி உயிரெழுத்தில் தொடங்குவதால் வல்லினம் மிக இடமில்லை.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘புனையா ஓவியம்’ என்பது ________.
க) வினைத்தொகை ங) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ச) உருவகம்

2. எஸ்விஜி வடிவில் உள்நிறம் கூறப்படாவிட்டால் உருவம் ________ நிறம் பெறும்.
க) வெள்ளை ங) மஞ்சள் ச) கருப்பு

ஆ. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக மாற்றி எழுதுக.

எடுத்துக்காட்டு: தீட்டாத படம் – தீட்டாப் படம்
1. வாடாத பூ
2. நீங்காத கோடு
3. மூடாத கதவு

இ. குறுவினா

1. பட்டுவாக்கள் என்போர் யாவர்?
2. திறந்த கோட்டின் அருகே வண்ணத் திட்டு தோன்றுவது ஏன்?
3. இங்க்ஸ்கேப்பில் விளிம்புக்கோட்டை நீக்கும் விரைவு வழி யாது?

ஈ. சிறுவினா

1. ‘வெண்மை வேறு, இன்மை வேறு’ – விளக்குக.
2. காளிகாட் ஓவியர்கள் எவற்றை விட்டனர்? எதனை விடவில்லை?

உ. சிந்தனை வினா

மாணவி பூனையின் கண்ணில் மட்டும் வெள்ளையை நீக்காதது ஏன்? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஊ. செயல்பாடு

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைத் தாளில் இடச் சொல்லுங்கள். அதனைப் பார்த்துக் கணினியில் வரைந்து உள்நிறத்தை நீக்குங்கள். முதலில் வெள்ளைப் பின்னணியிலும் பின்னர்ச் செம்மண் நிறப் பின்னணியிலும் வைத்துப் பாருங்கள். கோலத்தின் பெயரையும் இட்டவரின் சொந்த ஊரையும் அதன்கீழ்த் தமிழில் எழுதி வகுப்பில் காட்சிப்படுத்துங்கள்.