இடிதாங்கியும் இல்லக் காப்பும்

உரும், அசனி, இடி எனத் தமிழர் பல பெயரிட்டழைத்த ஒன்றனை அறிவியல் மின்பாய்வு என்கிறது. ‘இடி விழுந்தது’ என்பது உலக வழக்கு. விழுவது மின்னலே, இடி அதன் ஓசை. இவ்வழக்கிற் பிறந்த ‘இடிதாங்கி’ என்னும் சொல்லும் நம்மைச் சற்றே ஏமாற்றுகிறது. அக்கோல் எதனையும் தாங்குவதில்லை. தன்மேல் இறங்கும் மின்னோட்டத்தை உலோகப் பட்டை வழியே மண்ணுக்குள் கடத்திவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்கிளின் கண்ட முறை இது. பள்ளிவாசல் மினாராக்களின் உச்சியில் நாம் காணும் கோலும் இதுவே.

இக்கோல் கட்டடத்தைக் காக்கும்; வீட்டிலுள்ள கருவிகளைக் காவாது. இதனை யாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில் எம் இல்லத்தை அடுத்த தோப்பில் நின்ற தென்னையில் மின்னல் இறங்கிற்று. எம் வீட்டில் ஓர் ஓடும் பெயரவில்லை. ஆயினும் தொலைக்காட்சியும் குளிர்ப்பெட்டியும் கருகின. இரும்புக் குழாயடியில் ஒளுச் செய்துகொண்டிருந்த எம் தாயார் கையில் சுரீரென்ற அதிர்வோடு தப்பினார், அல்ஹம்துலில்லாஹ்! மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் ‘எர்த்’ குழியைத் தோண்டிக் காட்டினார். உப்பும் கரியும் இட்ட குழி வறண்டு, கம்பி துருவேறி அற்றுக் கிடந்தது. எத்தனை ஆண்டுகள் அவ்வாறு கிடந்ததோ!

மின்னலின் ஓட்டம் பெரும்பாலும் 30,000 ஆம்பியர் அளவினது. அது அருகில் இறங்கினாலே மின்கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழும். நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கிற்குள் அவ்வெழுச்சி வந்து தாக்கிவிடும். பியூசும் எம்.சி.பி.யும் விழிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதற்கென அமைந்தது எஸ்.பி.டி. என்னும் எழுச்சிக் காப்பான். அதனுள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வழக்கமான அழுத்தத்தில் வாயில் அடைத்து நிற்கும். அழுத்தம் மிகுந்தால் வாயில் திறந்து மிகையை எர்த்துக்கு அனுப்பும். எர்த் செம்மையாக இல்லையேல் அனுப்ப இடமேது? காப்பானை மெயின் போர்டிலேயே, இணைப்புக் கம்பி இயன்றவரை குறுகியதாக இருக்குமாறு பொருத்த வேண்டும். கேபிள், தொலைபேசிக் கம்பிகளுக்குக் காப்பு தனியே வேண்டும். இவையனைத்தும் இருப்பினும், மழைக்கு முன்னரே பிளக்கைப் பிடுங்கிவைப்பதற்கு நிகரில்லை.

‘எல்லாம் விதிப்படி’ என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மூத்தோர் அறிவர். எர்த் குழிக்குக் கோடையில் நீர் வார்ப்பதும் அவ்வகைக் கட்டுதலே என்பது எம் கருத்து.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் வீட்டுக்குள் புகுந்துவிடுக. இறுதி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழியும்வரை குழாயையும் கம்பியுள்ள தொலைபேசியையும் தொடற்க. மரத்தடி ஆகவே ஆகாது. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. தொட அஞ்சி விலகி நிற்றலால் உயிர்கள் போகின்றன. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்குக. உடனிருப்பவர் 108க்கு அழைக்கட்டும்.