சூட்டைத் திருப்பித் தரும் வெள்ளித்தாள்



மலையேறுவோரும் மீட்புப் பணியாளரும் சட்டைப்பையில் அடங்கும்படி மடித்து வைத்திருக்கும் வெள்ளிநிறத் தாளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். விரித்தால் ஓர் ஆளை முழுவதும் மூடும். விண்வெளிப் பணியில் வளர்ந்த பொருள் இது. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் படியச் செய்கிறார்கள். 1960-இல் அமெரிக்காவின் நாசா ஏவிய எக்கோ 1 என்னும் 30 மீட்டர் பலூன் இத்தகைய படலத்தால் ஆனதே. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஏவப்படுகையில் அதன் காப்புத் தகடு பிய்ந்துபோய், உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. அலுமினியம் பூசிய துணியைக் குடைபோல் விரித்து வீரர்கள் அதைத் தணித்தார்கள்.

அங்கே வெயிலைத் திருப்பியது, இங்கே உடலிலிருந்து வீசும் வெப்பத்தை உடலுக்கே திருப்புகிறது. காற்றையும் மழையையும் தடுக்கிறது.

ஆனால் தாளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. பளபளப்பைப் பார்த்து இதை மறந்துவிடுகிறோம். உடல் வெப்பம் 35 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்கி, நடுக்கமும் நின்றுபோனவரிடம் திருப்பித் தர என்ன இருக்கிறது? அவருக்கு வெளியிலிருந்து சூடும், தாமதமில்லாத மருத்துவ உதவியும் வேண்டும்.

தரையையும் கவனியுங்கள். குளிர்ந்த தரை தொட்ட இடமெல்லாம் சூட்டை உறிஞ்சும். தாள் அதைத் தடுக்காது. ஆகவே முதலில் அடியில் கம்பளியோ உலர்ந்த வைக்கோலோ இடுங்கள். ஒதுங்க இடம் கிடைத்தால் ஈர உடையை மாற்றி, போர்வை சுற்றி, அதற்கு மேல் தாளைச் சுற்றுங்கள். தலையும் மூடியிருக்கட்டும், முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நெருப்பருகே வேண்டாம், அடிப்படையில் அது பிளாஸ்டிக்தான்.