கேட்கக் கற்கும் மூளை

நுழையும்முன்

செவி ஒலியை வாங்குகிறது. அவ்வொலிக்குப் பொருள் காண்பது மூளை. பொருள் காணும் அத்திறன் பிறக்கும்போதே நிறைவாக அமைந்துவிடுவதில்லை. உரிய பருவத்தில் கேட்டுக் கேட்டே மூளை அதனைக் கற்றுக்கொள்கிறது. இவ்வுண்மையை அறிவியலுக்கு உணர்த்தியவை கூகை, சிட்டு, பூனை, சுண்டெலி முதலிய உயிரினங்கள். அவற்றிடமிருந்து மனிதர் பெற்ற பாடத்தையும் அப்பாடத்தின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செவியும் மூளையும்

கல்வியைப் போற்றிய திருவள்ளுவர், கேள்விக்கும் தனியோர் அதிகாரம் வகுத்தார். நூல்களைக் கல்லாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கேட்பதையே நாம் கற்றாக வேண்டும் என்பது அண்மைக்கால நரம்பியல் கண்ட உண்மை.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. அது செவிப்பறையில் மோதி, சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவியை அடைகிறது. அங்கே நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுருளின் வாயிலருகே உள்ள செல்கள் கீச்சென ஒலிக்கும் உயர்சுருதிக்கும், உச்சியில் உள்ளவை தாழ்சுருதிக்கும் அசைந்து கொடுக்கின்றன. அந்த அசைவு மின்குறிப்பாக மாறிச் செவிநரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது.

மூளையை அடைவது மின்குறிப்பு மட்டுமே. அதனைத் தாயின் குரல் என்றும், மழையின் ஓசை என்றும், ‘பல்’, ‘பால்’ என்னும் வேறுபட்ட சொற்கள் என்றும் பிரித்தறியும் ஆற்றல் எவ்வாறு உண்டாகிறது? இதனை அறிய ஒரு மனிதக் குழந்தையை ஒலியே இல்லாத அறையில் வளர்த்துப் பார்க்க அறம் இடந்தராது. எனவே அறிஞர்கள் மாதிரி உயிரினங்களை நாடினர். எந்தத் திறனை ஆராய வேண்டுமோ, அத்திறனில் சிறந்து விளங்கும் உயிரினத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கைக்கொண்ட முறை.

இருளில் வேட்டையாடும் கூகை

கேட்கும் திறனில் சிறந்த பறவை கூகை. அமெரிக்க அறிஞர் ரோஜர் பெய்ன், சிறிதும் ஒளி புகாத அறையில் சருகுகளைப் பரப்பி, அவற்றின்மீது எலியை ஓடவிட்டார். கூகை பாய்ந்து அதனைப் பற்றியது. பின்னர் எலியளவு காகித உருண்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிச் சருகின்மீது இழுத்தார். கூகை அதன்மீதும் பாய்ந்தது. காகிதத்திற்கு எலியின் மணமும் இல்லை, உடற்சூடும் இல்லை. கூகைக்கு வழிகாட்டியது ஒலியே என்பது இதனால் தெளிவாயிற்று.

இடப்பக்கத்தில் எழும் ஒலி இடச்செவியைச் சற்று முன்னதாக அடைகிறது. அவ்வேறுபாடு ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் பகுதியைவிடவும் சிறியது. இதனை மூளை எங்ஙனம் அளக்கிறது? லாயிட் ஜெஃப்ரஸ் என்னும் அறிஞர் 1948இல் ஒரு விளக்கம் கூறினார். ஒரு தெருவின் இரு முனைகளிலிருந்து இருவர் ஒரே வேகத்தில் எதிரெதிரே நடந்து வருவதாகக் கொள்வோம். ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவில் சந்திப்பர். ஒருவர் முந்திப் புறப்பட்டால், சந்திக்கும் இடம் மற்றவர் புறப்பட்ட முனையை நோக்கி நகரும். சந்தித்த இடத்தைக் கொண்டே யார் முந்தினார் என்பதை அறியலாம். அதுபோல, இரு செவிகளிலிருந்து வரும் குறிப்புகள் எந்த நரம்பணுவில் ஒரே கணத்தில் சந்திக்கின்றனவோ, அந்த நரம்பணு ஒலி வந்த திசையை உணர்த்துகிறது. இத்தகைய அமைப்பு கூகையின் மூளையில் உண்மையாகவே இருப்பதை கேத்தரின் கார், மசகாசு கொனிஷி ஆகியோர் 1990இல் காட்டினர்.

கூகையின் செவித்துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் உள்ளன. எனவே, மேலிருந்து வரும் ஒலியும் கீழிருந்து வரும் ஒலியும் இரு செவிகளிலும் வெவ்வேறு வலிமையுடன் கேட்கின்றன. இவ்விரு குறிப்புகளையும் இணைத்து, ஒலி எழும் இடங்களைக் காட்டும் நிலப்படம் ஒன்றைக் கூகையின் மூளை வரைந்துகொள்கிறது. அப்படத்தை 1978இல் கண்டறிந்தவர்கள் எரிக் நட்சனும் கொனிஷியும் ஆவர்.

கண்ணாடி அணிந்த குஞ்சுகள்

இந்நிலப்படம் பிறவியில் அமைந்ததா, பழக்கத்தில் அமைந்ததா? இவ்வினாவிற்கு விடைகாண, நட்சன் இளங்கூகைகளுக்கு முப்பட்டகக் கண்ணாடிகளை அணிவித்தார். அவற்றின் வழியே பார்க்கும்போது காட்சிகள் யாவும் ஒரு பக்கமாக விலகித் தெரியும். கண் காட்டும் இடமும் செவி காட்டும் இடமும் பொருந்தாமல் போயின. சில வாரங்களில் இளங்கூகைகளின் செவிப்படம் மெல்ல நகர்ந்து, கண் காட்டும் இடத்தோடு பொருந்தியது. கூகை தன் மூளையைத் திருத்திக்கொண்டது.

அதே கண்ணாடியை அணிந்த முதிர்ந்த கூகைகளிடம் அத்தகைய மாற்றம் மிகச் சிறிதளவே நிகழ்ந்தது. கற்பதற்குரிய பருவம் கடந்துவிட்டிருந்தது. காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் கூகையைச் சான்றாகக் காட்டியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. காலத்தின் அருமையை இன்றைய அறிவியலுக்கும் கூகையே எடுத்துரைத்தது.

எனினும், அக்கதவு முழுவதும் அடைபடுவதில்லை. விலகலைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கினால், முதிர்ந்த கூகையும் முன்னைவிடக் கூடுதலாகக் கற்கிறது என்பதை நட்சனின் ஆய்வுக்கூடம் 2002இல் வெளியிட்டது. பருவத்தில் எளிதாகக் கைகூடுவது, பருவம் தவறினால் படிப்படியான பெருமுயற்சியை வேண்டுகிறது.

பாடக் கற்கும் சிட்டுகள்

மனிதக் குழந்தை பெற்றோர் பேசக் கேட்டே பேசுகிறது. பாடும் பறவைகளும் அவ்வாறே. கலிபோர்னியாவில் வாழும் வெண்முடிச் சிட்டுகள் ஊருக்கு ஊர் வேறுபட்ட நடையில் பாடுவதைப் பீட்டர் மார்லர் ஆராய்ந்தார். மக்கள் பேச்சில் வட்டார வழக்கு இருப்பதுபோல் அச்சிட்டுகளின் பாட்டிலும் வட்டார வழக்கு உண்டு. தனிமையில் வளர்ந்த குஞ்சு இயல்பான பாட்டைப் பாடவில்லை. பிறந்து ஏறத்தாழ 10 நாள் முதல் 50 நாள் வரையிலான காலத்தில் கேட்ட பாட்டையே அது பின்னர்ப் பாடியது.

கொனிஷி 1965இல் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினார். மூத்த பறவையின் பாட்டைக் கேட்டிருந்தும், தான் பாடிப் பழகும்முன் செவித்திறனை இழந்த குஞ்சால் அப்பாட்டைப் பாட இயலவில்லை. பிறர் குரலைக் கேட்டு நினைவில் பதித்தால் மட்டும் போதாது. தன் குரலைத் தானே கேட்டு, நினைவிலுள்ள பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்தவும் வேண்டும். மழலை பேசும் குழந்தை ஓயாமல் ஒலியெழுப்பி மகிழ்வது வெறும் விளையாட்டன்று, அது மொழிப்பயிற்சி.

தெரிந்து தெளிவோம்

நலமுள்ள செவி ஒலியைக் கேட்பதோடு தானும் மெல்லிய ஒலியை எழுப்புகிறது. இதனை 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். பிறந்த குழந்தையின் செவித்திறனை அதன் உறக்கம் கலையாமலே சோதிக்கும் கருவி இவ்வுண்மையின் அடிப்படையில் இயங்குகிறது.

பாலூட்டிகளின் காக்ளியாவில் அழிந்த உணர்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பறவைகளுக்கோ அவை மீண்டும் வளர்கின்றன என்பது 1988இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

பூனை காட்டிய பருவம்

பிறவியிலேயே கேளாத வெண்பூனைகள் உள்ளன. அவற்றை ஜெர்மனியில் ஆராய்ந்த ஆண்ட்ரே கிரால் முதலியோர், உட்செவியில் காக்ளியர் கருவியைப் பொருத்தினர். இக்கருவி பழுதடைந்த உணர்மயிர்ச் செல்களுக்கு மாற்றாக நின்று, செவிநரம்பை நேரடியாக மின்னால் தூண்டுவது. குட்டிப்பருவத்திலேயே கருவி பெற்ற பூனைகளின் மூளை, ஒலியை ஏற்கும் வகையில் வளர்ந்தது. காலந்தாழ்த்திப் பெற்றவற்றில் அவ்வளர்ச்சி குறைந்தது. கேளாத பூனையின் மூளையில் செவிக்குரிய பகுதிகள் வெறுமனே கிடக்கவில்லை. அவற்றுட்சில பார்வைக்கு உதவும் பணியை மேற்கொண்டன. மூளை எந்த இடத்தையும் வீணாக்குவதில்லை.

குழந்தைகளிடமும் இதனை ஒத்த முடிவே கிடைத்தது. மூன்றரை வயதிற்குள் காக்ளியர் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை, ஒலிக்கு இயல்பான வேகத்தில் மறுவினை புரிந்தது. ஏழு வயதிற்குப்பின் பெற்றவர்களில் பெரும்பாலோரிடம் அவ்வேகம் அமையவில்லை. அனு ஷர்மா குழுவினர் 2002இல் வெளியிட்ட இம்முடிவு, உலகெங்கும் மருத்துவர்களின் அணுகுமுறையை மாற்ற உதவியது.

சுண்டெலி காட்டிய இரு வழிகள்

ஓட்டோஃபெர்லின் என்னும் புரதம் இல்லையெனில், உணர்மயிர்ச் செல்கள் ஒலியை உணர்ந்தும் செவிநரம்புக்குச் செய்தி அனுப்ப இயலாது. இப்புரதத்திற்கான மரபணு மிக நீளமானது. அதனைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் தீங்கற்ற வைரஸில் அடங்காது. ஆகவே, மரபணுவை இரு பாதிகளாகப் பிரித்து இரு வைரஸ்களில் ஏற்றி, சுண்டெலியின் செவிக்குள் செலுத்தினர். 2019இல் வெளியான ஆய்வுகளின்படி, பாதிகள் செல்லுக்குள் இணைந்தன, சுண்டெலிகள் கேட்டன. இதே முறையில் மருத்துவம் பெற்ற குழந்தைகள் சிலர் கேட்கத் தொடங்கிய செய்தி 2024இல் மருத்துவ இதழ்களில் வெளிவந்தது.

மற்றொரு வழி ஏமாற்றத்தில் முடிந்தது. ஃபிரஜைல் எக்ஸ் என்பது மரபுவழி வரும் மூளை வளர்ச்சிக் குறைபாடு. இதற்குக் காரணமான மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. அம்மரபணு செயலிழந்த சுண்டெலி 1994இல் உருவாக்கப்பட்டது. இக்குறைபாடு உடையோர் பலர் சிறு ஓசைக்கும் துன்புறுவர். இச்சுண்டெலிகளுக்கோ பேரொலி கேட்டால் வலிப்பு உண்டாகும். மூளையில் ஒரு குறிப்பிட்ட ஏற்பியின் செயலைக் குறைக்கும் மருந்து சுண்டெலியின் வலிப்பைத் தணித்தது. அதே வகை மருந்தை இளையோருக்கும் பெரியோருக்கும் அளித்தபோது, எதிர்பார்த்த பயன் கிட்டாமையால் 2014இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பருவம் கடந்தபின் அளித்ததே தோல்விக்குக் காரணமோ என்று எண்ணி, பின்னாளில் இளங்குழந்தைகளுக்கும் அளித்துப் பார்த்தனர். அவர்களது மொழித்திறனிலும் பயன் தெரியவில்லை.

முதல் நோயில் பழுது ஒரு வகைச் செல்லில், ஒரு புரதத்தில் அடங்கியிருந்தது. இரண்டாவதில் பழுது மூளை முழுவதும் பரந்திருந்தது. மனிதரின் மொழியையும் சிந்தனையையும் சுண்டெலியிடம் அளக்க வழியில்லை. மாதிரி உயிரினம் வழியைக் காட்டும். வழியின் முடிவை மனிதரிடம் செய்யும் ஆய்வே உறுதிப்படுத்தும்.

அறத்தின் எல்லை

வாய்பேசா உயிர்கள் தம் இசைவைத் தெரிவிக்க இயலாதவை. எனவே அவற்றின்பால் ஆய்வாளர்க்குக் கடமை மிகுதி. ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்கு மாற்று வழி இருப்பின் அதனைக் கொள்ளுதல், ஆய்வுக்குரிய விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்காய்வைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிசெய்கிறது. ஓர் உயிரைத் துன்புறுத்திப் பெற்ற அறிவைப் பயன்படுத்தாமல் விடுவதும் அறமாகாது.

காலம் தவறாமை

அவ்வறிவின் பயன் யாது? குழந்தை பிறந்த ஒரு மாதத்திற்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்குதல் என்பது இன்று மருத்துவ உலகம் பரிந்துரைக்கும் கால அளவு. நம் நாட்டில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டம், பிறவிச் செவித்திறன் குறைபாட்டையும் கண்டறியவேண்டியவற்றுள் சேர்த்துள்ளது. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் தமிழ்நாட்டின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

‘பிள்ளை மெதுவாகப் பேசும், பொறுத்திருப்போம்’ என்று வீட்டார் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. அன்பினால் எழும் அச்சொல், குழந்தையின் கற்கும் பருவத்தைக் கரைத்துவிடக்கூடும். கருவி எல்லார்க்கும் பொருந்துவதும் அன்று. எல்லாரும் அதனை விரும்புவதும் இல்லை. சைகைமொழி, இலக்கணமும் வளமும் உடைய முழுமையான மொழி. அதனை இளமையிலேயே பெறும் குழந்தையின் மூளையும் செழித்து வளர்கிறது. செவிவழியோ விழிவழியோ, மொழி உரிய பருவத்தில் குழந்தையைச் சென்றடைய வேண்டும். கூகையும் சிட்டும் பூனையும் உணர்த்திய இப்பாடத்தைக் குழந்தையுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டுசேர்ப்பது கற்றவர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் சோதனை நடைபெறும் முறையைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘மருத்துவ ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்தலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கூகையின் மூளையில் ஒலி எழும் இடங்களைக் காட்டும் நிலப்படம் கண்டறியப்பட்ட ஆண்டு
அ) 1948 ஆ) 1965 இ) 1978 ஈ) 1990

2. பாடப் பழகும்முன் செவித்திறனை இழந்த சிட்டு பாட இயலாமைக்குக் காரணம்
அ) பிறர் பாட்டைக் கேளாமை ஆ) தன் குரலைக் கேட்டுத் திருத்த இயலாமை இ) குரல்வளைக் குறைபாடு ஈ) வட்டார வேறுபாடு

குறுவினா

1. காகித உருண்டைச் சோதனை உணர்த்திய உண்மை யாது?
2. விலங்காய்வுக்குரிய மூன்று நெறிகளைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஒலி வரும் திசையைக் கூகை அறியும் முறையை உவமையுடன் விளக்குக.
2. முப்பட்டகக் கண்ணாடி ஆய்வின்வழிப் பெறப்பட்ட முடிவுகளை எழுதுக.

நெடுவினா

‘மாதிரி உயிரினம் வழியைக் காட்டும், வழியின் முடிவை மனிதரிடம் செய்யும் ஆய்வே உறுதிப்படுத்தும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியில் உள்ள சான்றுகளைக்கொண்டு நிறுவுக.