கிரீஸ் கன் பராமரிப்பு: படகு வேலைக்குப் புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் விசைப்படகுகளின் பழுது வேலைகள் நடப்பது அப்போதுதான். வின்ச், கப்பி, சுக்கான் தண்டு என்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள இடத்திலெல்லாம் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற கன்னுக்குள் மணலும் உப்பும் இருந்தால் அவை நேராகப் பேரிங்குக்குள்தான் போகும். அதனால் கன்னைச் சுத்தம் செய்வதும் படகு வேலையில் ஒரு பகுதியே.

படி 1: பிரிப்பதற்கு முன்

பின்பக்கக் கம்பியை முழுதாக இழுத்து, அதன் பள்ளத்தில் மாட்டிப் பூட்டுங்கள். பூட்டாமல், கிரீஸ் இருக்கும் குழாயான பேரலைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிரீஸை வெளியே தள்ளிவிடும். பிறகு தலைப்பகுதியைத் திருகிக் கழற்றலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டே மெதுவாக விட்டால் பழைய கிரீஸ் வாய்ப்பக்கம் வந்துவிடும்.

படி 2: கழுவுதல்

மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் இடத்தில் அதன் ஆவியே தீப்பிடிக்கும். பேரலின் உட்சுவரைப் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். கம்பி முனையில் இருக்கும் ரப்பர் வாசர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்துவிட்டுக் கழற்றுங்கள். விளிம்பு கிழிந்திருந்தால் புதிது போடுங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது தலைப்பகுதிக்குத்தான். கிரீஸ் வெளியேறும் வழியில் சின்ன குண்டு ஒன்றும் அதற்கொரு ஸ்பிரிங்கும் உண்டு. ஏற்றிய கிரீஸ் திரும்பி வராமல் தடுப்பது அந்தக் குண்டு. அதன் அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், லீவரை எத்தனை முறை அடித்தாலும் அழுத்தம் ஏறாது. கன் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன் இந்த இடத்தைப் பாருங்கள். கழற்றும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள். குண்டு உருண்டு தொலைந்தால் கன் உதவாது.

படி 3: நிரப்புதல்

லித்தியம் கிரீஸ் இருந்த கன்னில் வேறு வகையை அப்படியே போடாதீர்கள். சில வகைகள் கலந்தால் இளகி ஒழுகிவிடும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கன்னையும் ஹோஸையும் முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். வாளியிலிருந்து நிரப்பும்போது பேரலின் வாய் கிரீஸுக்குள்ளேயே அமிழ்ந்திருக்க வேண்டும், கம்பியை மெதுவாக இழுக்க வேண்டும். அப்படியும் காற்று அடைத்துக்கொண்டால், தலையை ஒரு சுற்று தளர்த்தி, கம்பியை விடுவித்து, லீவரை அடியுங்கள். காற்று போய் கிரீஸ் வந்ததும் இறுக்குங்கள்.

படி 4: தினசரி

கிரீஸ் ஏற்றும் முன் நிப்பிளைத் துடையுங்கள், முடித்ததும் நிப்பிளில் மாட்டும் முனையான கப்ளரைத் துடையுங்கள். கப்ளர் பிடிப்பில்லாமல் பக்கவாட்டில் கசிந்தால், அதன் உறையைத் திருகி இறுக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் கம்பியை இழுத்துப் பூட்டி, உப்புக் காற்று படாமல் மூடி வையுங்கள். கிரீஸ் வாளிக்கும் மூடி அவசியம்.

கைக்கு ஆபத்து

கையால் அடிக்கும் கன்னிலேயே 5,000 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வரும். வெடித்த ஹோஸை விரலால் பொத்தாதீர்கள். கிரீஸ் தோலைத் துளைத்தால் ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம்; உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலே போகலாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள், கிரீஸ் உள்ளே ஏறியதென்று தெளிவாகச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கழிவு

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் பரவிய எண்ணெய் இந்தக் கடற்கரை மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. கழுவிய மண்ணெண்ணெயையும் அழுக்கு வேஸ்ட்டையும் தண்ணீரில் கொட்டாதீர்கள். பழைய ஆயில் டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.